கறுத்த கொலுசும் மாறாத வினையூக்கியும்

வேதியியலைப் பள்ளியோடு விட்டுவிட்டவர்க்கும் ஒரு வரையறை மட்டும் மறப்பதில்லை. வினையூக்கி வேதிவினையின் வேகத்தைக் கூட்டும். தான் மாறாமல் இறுதியில் அப்படியே எஞ்சும். இரண்டு மதிப்பெண் வினாவுக்கு இதற்குமேல் விடை வேண்டியதில்லை. இரு வீட்டாரையும் சேர்த்துவைத்துவிட்டு ஒன்றும் நடவாதவர்போல் வீடு திரும்பும் கலியாணத் தரகரை உவமையாகச் சொல்லாத வேதியியல் ஆசிரியர் அரிது. உவமை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் தரகர் வேலை பார்த்தவர்களைக் கேட்டால் தெரியும், பத்துக் கலியாணம் முடிப்பதற்குள் அவர் செருப்பு எத்தனை முறை தேய்ந்தது என்பது.

அந்த வரையறையில் உள்ள 'மாறாமல்' என்ற ஒரு சொல்லைப் பற்றியதே இக்கட்டுரை. அச்சொல் ஒரு கணக்கு வழக்கைக் குறிப்பது. வினையின் சமன்பாட்டில் இடப்பக்கம் நுழைந்த வினையூக்கி வலப்பக்கம் செலவின்றி வெளிவருகிறது என்பதே அதன் பொருள். அந்தப் பொருள் ஆண்டான் காலமும் சிதையாத பொருள் என்று கேட்பவர் மனத்தில் திரிந்து பதிந்துவிட்டது. திரிபின் விளைவு வகுப்பறையோடு முடியவில்லை. கரியமில வாயுவை மின்சாரத்தால் எரிபொருளாக்கிவிடலாம் என்று செய்தித்தாள்கள் மாதந்தோறும் எழுதும் நம்பிக்கைக் கட்டுரைகளின் அடியிலும் அதே 'மாறாமல்' ஒளிந்திருக்கிறது.

சொல்லிலிருந்தே தொடங்குவோம். பெர்சிலியஸ் 1835இல் இந்நிகழ்வுக்குக் கிரேக்கச் சொல் ஒன்றை எடுத்துப் பெயரிட்டார். கேட்டலிசிஸ் என்ற அச்சொல்லின் வேர்ப்பொருள் அவிழ்த்தல், கட்டுத் தளர்த்தல், கரைத்துவிடல் என்பதாகும். நம்மவர் முதலில் 'கிரியா ஊக்கி' என்றனர். பின்னர் 'வினையூக்கி' ஆயிற்று. பாடநூல்களில் இப்போது 'வினைவேக மாற்றி'யும் வழங்குகிறது. ஈழத்துப் பாடநூல்கள் சுருக்கமாக 'ஊக்கி' என்றே முடித்துக்கொள்கின்றன. இவை எல்லாம் நல்ல சொற்களே. ஊக்கம் என்பது குறளில் ஓர் அதிகாரத்துக்கே பெயரான சொல், தளராமைக்கு மறுபெயர். கிரேக்கச் சொல்லில் தளர்ச்சி உள்ளுறையாக இருக்க, நம் சொல்லில் தளராமை குடியேறிவிட்டது. மொழிபெயர்ப்பாளர் எவரும் பிழை செய்யவில்லை. சொல் தன் சுற்றத்தோடு வந்துவிட்டது, அவ்வளவே.

இனி வினைக்கு வருவோம். கரியமில வாயு மிகவும் சோம்பலான மூலக்கூறு. கார்பன் எரிந்து தீர்ந்தபின் எஞ்சும் சாம்பலுக்கு ஒப்பானது அது. அதை மீண்டும் பயனுள்ள பொருளாக்க வேண்டுமென்றால் எரிந்தபோது வெளிப்பட்ட ஆற்றலைத் திரும்பக் கொடுத்தாக வேண்டும். அதற்குரிய வழிகளில் ஒன்று மின்சாரம். நீரில் கரைந்த பைகார்பனேட்டு உப்பில் இரு மின்வாய்களை அமிழ்த்தி, எதிர்மின்வாயின்மேல் கரியமில வாயுவைச் செலுத்தினால், எலக்ட்ரான்களைப் பெற்று அது கார்பன் மோனாக்சைடாகவோ ஃபார்மிக் அமிலமாகவோ, சில வேளைகளில் மீத்தேன், எத்திலீனாகவோ ஒடுங்கும். எது கிடைக்கும் என்பதை எதிர்மின்வாயில் இருக்கும் பொருள் முடிவுசெய்கிறது. ஜப்பானின் யோஷியோ ஹோரி 1985இலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் உலோகம் உலோகமாக எடுத்து இதை ஆராய்ந்தார். பொன்னும் வெள்ளியும் கார்பன் மோனாக்சைடு தந்தன. வெள்ளீயமும் ஈயமும் இண்டியமும் ஃபார்மேட் தந்தன. செம்பு மட்டும் ஹைட்ரோகார்பன்களைத் தந்தது. இத்துறையின் அகராதி இன்றும் பெரும்பாலும் அவர் எழுதியதே.

உலோகமே போதுமென்றால் கந்தகம் ஏன் வந்தது? முதற் காரணம் உயிரினம். கரியமில வாயுவைக் கார்பன் மோனாக்சைடாகவும் மீண்டும் மறுதலையாகவும் மாற்றும் நொதி ஒன்று சில பாக்டீரியாக்களில் இருக்கிறது. அதன் நெஞ்சில் நிக்கலும் இரும்பும் கந்தகத்தால் பிணைக்கப்பட்டுக் கிடக்கின்றன. இயற்கை கந்தகத்தைத் தேர்ந்தெடுத்திருக்கிறது, நாமும் முயல்வோம் என்று ஆய்வாளர் எண்ணியது இயல்பே. இரண்டாவது, உலோகத்தோடு கந்தகம் சேரும்போது அவ்வுலோகம் கரியமில வாயுவைப் பற்றும் விதம் மாறுகிறது. செம்பின் சல்பைடு ஹைட்ரோகார்பன் பக்கம் போகாமல் ஃபார்மேட்டுக்குத் திரும்பிவிடுகிறது. மூன்றாவது, சல்பைடுகள் பலவும் மலிவானவை. பொன்னோ வெள்ளியோ வேண்டியதில்லை. 2014இல் சிக்காகோவிலுள்ள இல்லினாய் பல்கலைக்கழகத்தார் மாலிப்டினம் இருசல்பைடு வெள்ளிக்கு இணையாகவும் மேலாகவும் கார்பன் மோனாக்சைடு தருவதாக வெளியிட்டபின் இத்திசையில் ஆய்வுகள் பெருகின. செம்பு, வெள்ளீயம், பிஸ்மத், இண்டியம், வெள்ளி என எல்லா உலோகங்களின் சல்பைடுகளும் மின்வாயில் ஏறிப் பார்த்துவிட்டன.

ஏறியவை அங்கே சல்பைடாகவே இருந்தனவா என்பதுதான் கேள்வி. இதற்கு விடை காண ஆய்வகம் வேண்டியதில்லை, சமையலறை போதும்.

வெள்ளிக் கொலுசு நாளடைவில் கறுக்கிறது. காற்றில் சிறிதளவு உள்ள ஹைட்ரஜன் சல்பைடு வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாகப் படிவதே அக்கறுப்பு. அதைத் தேய்த்துக் கழுவினால் வெள்ளியும் சேர்ந்து தேயும். தேய்க்காமல் நீக்க ஒரு வழி இருக்கிறது. பாத்திரத்தின் அடியில் அலுமினியத் தாள் விரித்து, அதன்மேல் கொலுசு படுமாறு வைத்து, சமையல் சோடாவும் உப்பும் கலந்த கொதிநீரை ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் கறுப்பு மறையும். அழுகிய முட்டையின் நாற்றம் மெல்ல எழும். இங்கே நடப்பது என்ன? அலுமினியம் எலக்ட்ரான்களை இழக்கிறது. அவை கொலுசுக்குள் பாய்கின்றன. வெள்ளி முன்பு கந்தகத்துக்குக் கொடுத்த எலக்ட்ரான்கள் இவ்வாறு திரும்பக் கிடைத்ததும், இனி இந்தத் துணை எதற்கு என்று கந்தகத்தை விட்டுவிடுகிறது. எஞ்சுவது தூய வெள்ளி. வெளியேறியது அந்த நாற்றம். (கடைகளில் 'ஆக்சிடைஸ்டு' என்று விற்கும் கறுப்பு வெள்ளி நகைகளை இப்படிக் கழுவிவிட வேண்டாம். பெயரில்தான் ஆக்சைடு, உண்மையில் அக்கறுப்பும் பெரும்பாலும் சல்பைடே. விலை கொடுத்து வாங்கிய அழகு சோடா நீரில் போய்விடும்.)

கரியமில வாயுவை ஒடுக்கும் மின்கலத்தின் எதிர்மின்வாயில் இதே நிகழ்ச்சிதான், அலுமினியத் தாளுக்குப் பதில் மின்வழங்கியோடு, இன்னும் கடுமையாக நடக்கிறது. கரியமில வாயுவுக்குள் எலக்ட்ரானைத் திணிக்கத் தரப்படும் அழுத்தம், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பிஸ்மத் ஆகியவற்றின் சல்பைடுகளை உலோகமாக்கத் தேவைப்படுவதைவிட மிகுதி. சோம்பேறியை எழுப்பத் தட்டும் தட்டில் பக்கத்தில் இருப்பவர்கள் எல்லோரும் எழுந்துவிடுகிறார்கள். கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாகவும் கரைந்த சல்பைடு அயனியாகவும் வெளியேறுகிறது. மார்செல் பூர்பே என்ற பெல்ஜிய அறிஞர், எந்த அழுத்தத்தில் எந்த அமில காரத் தன்மையில் எந்த உலோகம் எந்த வடிவில் நிலைக்கும் என்பதை வரைபடங்களாக்கி 1963இல் பெருநூலாக வெளியிட்டார். இன்று புதிய சல்பைடு வினையூக்கி செய்ததாக எழுதுவோர், அத்தகைய வரைபடத்தில் தம் பொருள் எங்கே விழுகிறது என்பதை முதற் பக்கத்திலேயே காட்டுவது நல்லது. பலவும் உலோகம் என்று எழுதப்பட்ட பகுதிக்குள்ளேதான் விழும்.

துத்தநாக சல்பைடு இவற்றினும் பிடிவாதமானது. மாலிப்டினம் இருசல்பைடு அடுக்கடுக்கான கட்டமைப்பின் வலிமையால் மெதுவாகத்தான் தளர்கிறது. ஆயினும் அதில் ஒரு சிக்கல். அடுக்குகளின் பரந்த முகம் பெரும்பாலும் சோம்பிக் கிடக்க, வினை நடப்பது விளிம்புகளில். கந்தகம் நழுவத் தொடங்கும் இடமும் பெரும்பாலும் அவ்விளிம்பே. உழைக்கிற கைதான் முதலில் காய்ப்பேறுகிறது.

கடற்கரைக்காரர்களுக்கு இது முரண்பாடாகத் தோன்றக்கூடும். கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை இக்கரையில் இரும்பென்று ஒன்றை வைத்துக்கொண்டு வாழ்பவர் யாராயினும் உப்புக்காற்றோடு ஓயாத வழக்கில் இருக்கிறார்கள். சன்னல் கம்பி, கதவுக் கீல், மிதிவண்டிச் சங்கிலி எதுவும் தப்புவதில்லை. படகின் வெளிப்பொருத்து எஞ்சினில் ஒரு துத்தநாகத் துண்டு பொருத்தியிருப்பார்கள். அது தான் கரைந்து எஞ்சினின் உலோகத்தைக் காக்கும். இதன் மூலவர் ஹம்ப்ரி டேவி. பிரித்தானியக் கடற்படைக் கப்பல்களின் அடிப்பாகத்தில் போர்த்திய செப்புத்தகடு கடல்நீரில் அரிபட்டதைத் தடுக்க, 1824இல் துத்தநாகமோ இரும்போ சிறிதளவு அதனோடு இணைத்தால் போதும் என்று காட்டினார். செம்பு எதிர்மின்வாயாகிவிட்டது, அரிமானம் நின்றது. அதன்பின் நிகழ்ந்ததுதான் சுவையானது. செம்பு அரிபட்டு நீரில் கலந்த நஞ்சுதான் அதுவரை சிப்பிகளையும் கொட்டலசுகளையும் அண்டவிடாமல் செய்திருக்கிறது. செம்பு கரைவது நின்றதும் அவை அப்பிக்கொண்டன. கப்பல்களின் வேகம் குறைந்தது. சிதைவைத் தடுத்ததும் சிதைவினால் கிடைத்த பயனும் போயிற்று. கடல்நீரைக் கடலடிச் சுரங்கம் வழியே இழுத்துக் குளிர்விக்கும் கல்பாக்கம் சென்னை அணுமின் நிலையத்தாருக்கும் பச்சைச் சிப்பியோடு இதே வழக்கு உண்டு.

ஆக, எதிர்மின்வாய் உலோகத்துக்குப் பாதுகாப்பான இடம். அங்கே துரு வராது. அப்படியிருக்க, அதே எதிர்மின்வாயில் வினையூக்கி எப்படிச் சிதைகிறது? முரண்பாடு வெறும் தோற்றமே. சல்பைடு என்பது ஏற்கெனவே எலக்ட்ரானை இழந்துவிட்ட உலோகம், துருவின் உறவுமுறை. துருவைத் தடுக்கும் விசை எதுவோ அதுவே துருவைக் கழற்றவும் செய்யும். நாம் மின்வாயில் ஏற்றி வைத்த விலையுயர்ந்த சல்பைடு, மின்சாரத்தின் கண்ணுக்குக் கறுத்த கொலுசுதான். அது தன் கடமையைச் செய்து துலக்கிவிடுகிறது.

இவ்விடத்தில் நியாயமான ஓர் எதிர்க்கேள்வி எழலாம். மணலி போன்ற எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளில் டீசலிலிருந்து கந்தகத்தை நீக்க மாலிப்டினம் சல்பைடு வகை வினையூக்கிகளையே பயன்படுத்துகிறார்கள். அவை ஹைட்ரஜன் அழுத்தத்தில், பெருவெப்பத்தில், ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றன. அங்கே சிதையாதது இங்கே சிதைவானேன்? விடை எளிது, ஆனால் சிந்திக்கத் தக்கது. அங்கே வரும் எண்ணெயிலேயே கந்தகம் இருக்கிறது. நீக்கப்படும் கந்தகம் ஹைட்ரஜன் சல்பைடாக வினையூக்கியைச் சூழ்ந்தே நிற்கிறது. இழந்த கந்தகத்தை வினையூக்கி அதிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது. கந்தகமே இல்லாத எண்ணெயைத் தொடர்ந்து கொடுத்தால் அதுவும் மெல்ல மெல்லத் தன் கந்தகத்தை இழக்கும். கந்தகத்தை அகற்றும் பணியாளன் கந்தகத்தாலேயே உயிர்வாழ்கிறான். மின்கலத்திலோ கந்தகத்தை இட்டு நிரப்புவார் யாருமில்லை; போனது போனதுதான். பாக்டீரியாவின் நொதிக்கும் இதே நியாயம். அது மாறாதது என்பதால் நீடிக்கவில்லை. பழுதானதைக் கழித்துப் புதியதைக் கட்டிக்கொள்ளும் ஓர் உடல் அதைச் சுற்றி இருக்கிறது. இயற்கையிடமிருந்து நிக்கலையும் கந்தகத்தையும் எடுத்துக்கொண்டோம். பழுது பார்க்கும் ஏற்பாட்டை எடுத்துக்கொள்ளவில்லை.

சரி, கந்தகம் போய்விட்டது. வினை நின்றுவிட்டதா என்றால் பல இடங்களில் நிற்கவில்லை. இன்னும் சிறப்பாக நடந்திருக்கிறது. வெள்ளீயச் சல்பைடிலிருந்து பிறந்த வெள்ளீயம், பிஸ்மத் சல்பைடிலிருந்து பிறந்த பிஸ்மத் ஆகியன சாதாரணத் தகட்டைவிட நன்றாக ஃபார்மேட் தருகின்றன. கந்தகம் வெளியேறிய வழிகளில் எண்ணற்ற துளைகளும் முனைகளும் குறைகளும் எஞ்சுவது ஒரு காரணம். உள்ளே சிக்கிக்கொண்ட சிறிதளவு கந்தகம் தொடர்ந்து செல்வாக்குச் செலுத்துகிறது என்பாரும் உளர். அது எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதில் ஆய்வாளரிடையே இன்னும் ஒருமுடிவு இல்லை. ஆகவே குடுவையில் நாம் வைத்தது வினையூக்கி அன்று, வினையூக்கியின் விதை. ஆய்வாளர்கள் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்கள். தமிழில் 'முன்னூக்கி' எனலாம். விதை முளைத்தலை விதையின் சிதைவு என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் முளைத்தது நிலைத்து நிற்பதும் இல்லை. உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பருத்துப் பரப்பை இழக்கின்றன. எஞ்சிய கந்தகமும் கசிந்து தீர்கிறது. கரியமில வாயுவை ஒடுக்க வேண்டிய மின்சாரம் நீரிலிருந்து ஹைட்ரஜனை எடுக்கத் திரும்பிவிடுகிறது. பிறப்பு எங்கே முடிந்து மூப்பு எங்கே தொடங்குகிறது என்று கோடு கிழிப்பதுதான் கடினம்.

நம் மரபில் இக்கோட்டைக் கிழித்துப் பார்த்தவர்கள் இருந்திருக்கிறார்கள். பாதரசத்தையும் பிற உலோகங்களையும் கந்தகம் முதலியவற்றோடு சேர்த்துப் புடமிட்டு உலோகத்தன்மை கெடச் செய்வதை ரசவாத மருத்துவ நூல்கள் 'மாரணம்', அதாவது கொல்லுதல் என்கின்றன. அப்படிச் செய்த பற்பம் தேறியதா என்று அறிய ஒரு சோதனை; அபுனர்பவம் என்பது அதன் பெயர். வெல்லம், நெய், தேன், வெண்காரம், குன்றிமணி ஆகியவற்றோடு கூட்டி மீண்டும் சூடேற்றும்போது உலோகம் உயிர்த்தெழக் கூடாது. மினுக்கம் தெரிந்தால் பற்பம் தோற்றது. செம்பு சல்பைடை எதிர்மின்வாயில் ஏற்றுவது அபுனர்பவச் சோதனைக்கு உட்படுத்துவதே. அது தோற்கிறது. உடனே, நம் முன்னோர் அன்றே மின்வேதியியல் கண்டனர் என்று எவரும் எழுதப் புறப்பட வேண்டாம். அவர்கள் மின்கலம் காணவில்லை. மாறியது மீண்டும் மாறுமா என்று கேட்க வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருந்தார்கள். விற்பதற்கு முன் கேட்டார்கள் என்பதே நமக்கு முக்கியம்.

கந்தகம் போவது மட்டுமே சிதைவுக்குக் காரணமன்று. வினை நடக்க நடக்க எதிர்மின்வாயின் அருகே நீர் காரமாகிறது. அக்காரத்தில் கரியமில வாயு கரைந்து கார்பனேட்டு உப்பாகிறது. மின்னோட்டம் பெரிதாக வேண்டும் என்பதற்காக இக்காலத்தில் வாயு நேரே ஊடுருவும் நுண்துளை மின்வாய்களைப் பயன்படுத்துகிறார்கள். அந்தத் துளைகளுக்குள் உப்பு படிகமாகி வளர்ந்து வாயுவின் வழியை அடைத்துவிடுகிறது. படிந்த உப்பு நீரை உள்ளிழுக்க, மின்வாய் நனைந்து மூழ்குகிறது. மாமல்லபுரம் கடற்கரைக் கோயிலின் மதில்மேல் வரிசையாக அமர்ந்திருக்கும் நந்திகளைப் பார்த்தவர்க்கு இதை விளக்க வேண்டியதில்லை. இராசசிம்மன் காலத்தில், எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், உளி தொட்ட முகங்கள் இன்று முகமற்ற திரள்கள். கடற்காற்றின் ஈரத்தோடு உப்பு கல்லின் துளைகளில் புகுகிறது. வெயிலில் ஈரம் போக, உப்பு படிகமாகி உள்ளிருந்தே கல்மணிகளை நெம்பித் தள்ளுகிறது. அலையடித்துக் கரைந்தது என்று பொதுவாகச் சொல்வார்கள். அலையைவிட இந்தப் படிகங்களின் வேலை நுட்பமானது. தொல்லியல் துறையினர் காகிதக்கூழை ஈரத்தோடு அப்பி, உலரும்போது உப்பை அதில் இழுத்து உரித்தெடுக்கிறார்கள். கடற்பக்கம் கற்களைக் கொட்டியும் சவுக்கு வளர்த்தும் காற்றையும் அலையையும் தணிக்கிறார்கள். மின்கல ஆய்வாளர்கள் அவ்வப்போது நீர் பாய்ச்சி மின்வாயைக் கழுவுகிறார்கள். பொட்டாசியத்துக்குப் பதில் எளிதில் படிகமாகாத சீசிய உப்பை இடுகிறார்கள். கரைசலை அமிலமாக்கிப் பார்க்கிறார்கள். வேறு வேறு நோக்கங்களோடு, பகை ஒன்றே.

கரைசலில் நுண்ணளவாகக் கலந்திருக்கும் இரும்பும் துத்தநாகமும் மின்வாயின்மேல் படிந்து அதை மூடிவிடுவதும் உண்டு. ஹோரியே 2005இல் செம்புக்கு இதைக் காட்டினார். மின்சாரத்தை நிறுத்தியதும் இன்னொரு ஆபத்து. அதுவரை காவலாக இருந்த எதிர்மின்னழுத்தம் விலக, புதிதாய்ப் பிறந்த உலோகத்தைக் காற்று பற்றுகிறது, ஆக்சைடாகிறது. மாலிப்டினமாயின் கரைந்தே போகலாம். சூரிய ஒளி மின்சாரத்தில் இயக்குவோம் என்று சொல்வோர் இரவு என்ற ஒன்றை நினைத்துப் பார்ப்பது நலம். இன்னொன்றும் உண்டு. சோதனை முடிந்து மின்வாயை வெளியே எடுத்து நுண்ணோக்கியில் பார்க்கும்போது நாம் பார்ப்பது, காற்றுப் பட்டு மாறிய உருவம். பிணப் பரிசோதனை செய்து, இறந்தவர் எப்படி நடந்தார் என்று எழுதுவது போன்றது அது. வினை நடக்கும்போதே எக்ஸ் கதிர் பாய்ச்சிப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் அதற்குத் தக்க கதிர்மூலம் இந்தூரின் இண்டஸ் 2இல் இருக்கிறது.

தமிழ் கற்பிப்போர்க்கு இதில் என்ன வேலை என்று கேட்கலாம். செங்கற்பட்டுப் பக்கம் கல்லூரிகளில் பணியாற்றும் நம்மிடம் அறிவியல் மாணவர்கள் சில வேளை திட்டக்கட்டுரைச் சுருக்கத்தைத் தமிழாக்க வருவார்கள். அப்படி வந்த மாணவி ஒருத்தி, செம்பு சல்பைடு மின்வாய் செய்து பார்த்தவள், "வினையூக்கி மாறாதுன்னு சொல்லிட்டு, அடுத்த வரியில சிதையுதுன்னு எப்படி ஐயா எழுதறது?" என்று கேட்டாள். முதல் மணி நேரத்து எண் அழகாக இருந்தது. நான்காம் மணியில் மின்னோட்டம் சரிந்தது, அடியில் ஹைட்ரஜன் கிளம்பியது. முதல் மணி நேரத்தை மட்டும் எழுதினால் போதும் என்று அவளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சொல்லச் சொல்ல நமக்குப் பட்டது, அவள் கண்டவற்றில் உருப்படியானது அந்த நான்காம் மணி நேரம்தான் என்பது. வரையறை தன்னைத் தோற்றவளாக்கிவிட்டது என்றே அவள் நம்பினாள். அறிவியலை மொழிபெயர்ப்பதில் இருக்கும் பொறுப்பு கலைச்சொல்லோடு தீர்வதில்லை என்பது அப்போது உறைத்தது.

மணிக்கணக்கைச் சற்று எண்ணிப் பாருங்கள். 2021இல் சீன ஆய்வுக்குழு ஒன்று இண்டியம் சல்பைடில் துத்தநாகத்தைச் சேர்த்துக் கந்தகப் பிணைப்பை வலுப்படுத்தி, பெரிய மின்னோட்டத்தில் 60 மணி நேரம் ஃபார்மேட் எடுத்தது. இத்துறையில் அது பாராட்டப்பட்ட சாதனை; பாராட்டுக்கு உரியதுதான். இரண்டரை நாள். ஓர் ஆண்டுக்கு 8,760 மணி நேரம். குளோரின் ஆலைகளின் மின்வாய்கள் பல ஆண்டுகள் உழைக்கின்றன. அவற்றுக்கு அருகே போக வேண்டுமாயின் இன்னும் எவ்வளவு தொலைவு என்று வாசகரே கணக்கிடலாம். அப்பொருள்கள் பயனற்றவை என்பதன்று நம் கட்சி. நம் செய்தித்தாள்களில் வரும் 'புகையிலிருந்து எரிபொருள்' கட்டுரைகளில் எத்தனை விழுக்காடு என்ற எண் தவறாமல் இருக்கும். எத்தனை மணி நேரம் என்ற எண் இருக்கவே இருக்காது. இந்தியா 2070க்குள் நிகர உமிழ்வைச் சுழியாக்குவதாக 2021இல் கிளாஸ்கோவில் உறுதி சொன்னது. 2022இல் நிதி ஆயோக் கரியமில வாயுவைப் பிடித்துப் பயன்படுத்துவது குறித்து அறிக்கை வெளியிட்டது. பொதுப்பணம் இத்திசையில் போகும்போது, இரண்டாவது எண்ணைக் கேட்கும் பழக்கம் வாசகர்க்கு இல்லையென்றால், முதல் எண்ணைக் காட்டுகிறவர் கையில் அப்பணம் போகும். பேசப்படுவது 2070 வரையிலான பொழுது. கையில் இருப்பது இரண்டரை நாள்.

தமிழ்நாட்டில் இவ்வகைத் தொழிலுக்கு ஒரு முன்மாதிரி தூத்துக்குடியில் நிகழ்ந்தது. அங்குள்ள கார வேதிப்பொருள் ஆலை ஒன்றில் நிலக்கரிக் கொதிகலனின் புகையிலிருந்து கரியமில வாயுவைப் பிடித்து சோடா ஆஷ் செய்யும் ஏற்பாடு 2016இல் தொடங்கிற்று. ஆண்டுக்கு 60,000 டன் என்று அறிவித்தார்கள். அது மின்வேதி ஒடுக்கம் அன்று. எலக்ட்ரான் திணிக்க வேண்டாத, எளிய வழி. ஆயினும் அங்கும் வாயுவைப் பிடிக்கும் கரைப்பான் பழையனபோல் விரைவில் கெடாது, குழாயை அரிக்காது என்பதே அதைச் செய்தவர்கள் முன்வைத்த முக்கிய உரிமைகோரல்களுள் ஒன்று. தொழிலில் இறங்கியவர்க்குச் சிதைவைப் பற்றிப் பேசாமல் முடியாது. பேசாமல் இருக்க முடிவது நமக்குத்தான்.

காரைக்குடியில் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் கொடுத்து, 1953 சனவரியில் திறக்கப்பட்டது. அதன் கிளை ஒன்று மண்டபத்தில் கடலோரம். அங்கே உலோகத் தகடுகளைச் சட்டங்களில் பூட்டிக் கடற்காற்றில் விட்டுவிடுகிறார்கள். மாதங்கள் கழித்து, ஆண்டுகள் கழித்து எடுத்து எடை பார்க்கிறார்கள். எவ்வளவு போயிற்று என்று எழுதிவைக்கிறார்கள். விறுவிறுப்பான செய்தி எதுவும் அதிலிருந்து பிறக்காது. எனினும் ஒரு பாலம் எத்தனை ஆண்டு நிற்கும் என்று சொல்ல அந்தக் குறிப்பேடு வேண்டும். கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்திலும் அரிமானத்துக்கென்றே தனிப் பிரிவு வேலை செய்கிறது. உப்புக்காற்றின் அருகே வாழ்ந்ததால் நமக்கு வாய்த்த அறிவு இது. புதிய வினையூக்கிகளைப் பற்றி எழுதுவோர் இந்த எடைபார்க்கும் மரபிலிருந்து எழுத வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பாடநூலுக்கு நம் திருத்தம் சிறிது. 'மாறாமல்' என்ற சொல்லை எடுத்துவிட்டு, 'வினையில் செலவாகாமல்' என்று வைக்கலாம். அதன் கீழே ஒரு வரி: 'ஆயினும் நாளடைவில் இது பல காரணங்களால் சிதையும், எவ்வளவு நேரம் உழைத்தது என்பதையும் சேர்த்தே குறிக்க வேண்டும்.' அச்சில் ஒன்றரை வரி கூடும். அந்த மாணவியின் கட்டுரையில் நான்காம் மணி நேரத்து வரைபடம் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறது. தமிழ்ச் சுருக்கத்தில் 'முன்னூக்கி' என்ற சொல்லையே இட்டிருக்கிறோம்.